முட்டுக்கட்டை தேரை நிறுத்த மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வாய்க்கால் தூர்வாரும் பணிக்கு முட்டுக்கட்டை', 'கூட்டணிப் பேச்சில் முட்டுக்கட்டை', 'பட்டா மாறுதலுக்கு முட்டுக்கட்டை' என்ற மாதிரித் தலைப்பு வாரத்துக்கு இரண்டாவது நம் பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. தங்கள் நாளிதழை மட்டும் சொல்லவில்லை. தொலைக்காட்சியிலும் சட்டமன்றப் பேச்சிலும் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கு ஒரே பொருள்தான்: நடக்கிற காரியத்தை நடக்கவிடாமல் செய்வது. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் அந்த முட்டுக்கட்டையைப் போடும் வேலையைத் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

கோயில் சொல் ஊர்ச்சொல் ஆவதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நம் பக்கத்தில் பாதிப் பேச்சு அப்படி வந்ததுதான். எந்த வேலைக்கும் பிள்ளையார் சுழி போடுகிறோம். அர்ச்சனை என்பது பெயர்களை அடுக்கிச் சொல்வது, நூற்றெட்டோ ஆயிரத்தெட்டோ. மேலதிகாரி நமக்கு வைக்கிற பெயர்களின் வரிசைக்கும் அதையே சொன்னவர் விவரம் தெரிந்தவர்தான். மண்டகப்படி இன்னும் அழகு. மண்டகம் என்பது மண்டபம், படி என்பது அன்றைக்கு அளந்து கொடுக்கிற அரிசி, பருப்பு, எண்ணெய். புறப்பாட்டில் சாமி மண்டபத்தில் இறங்கி, அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனை எல்லாம் கண்டு கிளம்பும்வரை ஆகிற செலவை ஏற்பவர் மண்டகப்படிக்காரர். ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல், நிறுத்தி வைத்து நிதானமாகச் செய்வது அது. 'நேத்து லேட்டாப் போனேன், வீட்டுல நல்ல மண்டகப்படி' என்று கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னால் அந்த நிறுத்தி வைப்பதும் வரிசையும் நிதானமும் அப்படியே கூட வருகின்றன. கேலிக்காகப் பொருள் திரும்பியிருக்கிறதே தவிர, உள்ளே இருக்கிற வேலை கெடவில்லை.

முட்டுக்கட்டைக்குத்தான் பாதி வேலை காணாமல் போய்விட்டது. அதுவும் பெரிய பாதி.

சொல்லையே முதலில் பாருங்கள். முட்டு என்றால் தாங்கல். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கிறோம், சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். இப்போது முகநூலில் ஒரு தலைவருக்கு யாராவது வரிந்து கட்டிக்கொண்டு பேசினால் 'முட்டுக் கொடுக்கிறான்' என்கிறார்கள். அதே முட்டுக்கு இடித்து நிற்பது என்ற பொருளும் உண்டு. முட்டுச்சந்து அப்படி வந்தது. தாங்குவதும் தடுப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, ஏனென்றால் கட்டை இரண்டையும் செய்கிறது. இந்தச் சொல் தேரில்தான் பிறந்தது என்று சாதிக்க நாங்கள் வரவில்லை. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்கும் கட்டை வைப்பார்கள், லாரிக்காரர் கருங்கல் வைப்பார். ஆனால் ஊரே கூடி நின்று பார்க்க, ஒருவர் 'கட்டை போடு' என்று கத்த, இன்னொருவர் குனிந்து போடுவது தேரோட்டத்தில்தான்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. இதைச் சொன்னால் வடம் இழுக்கிறவர்களிலேயே பாதிப் பேர் யோசிக்கிறார்கள். மாட்டு வண்டியில் மாடு திரும்பினால் நுகத்தடியும் ஏர்க்காலும் சேர்ந்து வண்டியைத் திருப்பும். காரில் முன்சக்கரம் தனியே திரும்பும். தேரில் முன் அச்சும் பின் அச்சும் அடிச்சட்டத்தோடு அசையாமல் பூட்டியவை. சக்கரம் அச்சில் சுழலும், கடையாணி அதைக் கழன்றுவிடாமல் காக்கும், அவ்வளவுதான். முன்னால் போவதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. வடத்தை ஒரு பக்கமாக இழுத்தால் கொஞ்சம் முகம் காட்டும், ஆனால் திரும்பாது. அந்தத் திருப்பத்தைக் கொடுப்பது கட்டை ஒன்றுதான்.

எடை எவ்வளவு என்று ஒரு கணக்குக்குத் திருவாரூர் ஆழித்தேரை வைத்துக்கொள்வோம். அப்பர் தேவாரத்திலேயே 'ஆழித்தேர்' என்ற சொல் வந்துவிட்ட ஊர் அது. அடி மரத்தேர் 30 அடி, அதன்மேல் மூங்கிலும் துணியுமாக 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி என்று 96 அடி உயரம். அலங்காரத்தோடு எடை 300 டன்னுக்குக் குறையாது. நான்கு சக்கரம், ஆகவே சராசரியாக ஒரு சக்கரத்தின் மேல் 75 டன். ஆள் நடக்கிற வேகத்தில், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வீதம், அது வருகிறது என்றால் அந்த ஓட்டத்தை முழுக்க அடக்க எவ்வளவு வேலை ஆகும்? அந்த 300 டன்னையும் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்குகிற வேலை ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் இரண்டு அங்குலம் நான்காகாது, எட்டு ஆகிவிடும். 'மெதுவா, மெதுவா' என்று மைக்கில் கத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். சக்கரம் கட்டையின் சரிவில் ஏறும்போது தேர் தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கட்டை எதிர்த்து நின்று நிறுத்துவதில்லை, ஏறவிட்டு நிறுத்துகிறது.

அதனால் கட்டையின் சரிவில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப்பு வடிவம், அடிப்பக்கம் மட்டமாக, சக்கரத்தைப் பார்த்த முகம் சாய்வாக இருக்க வேண்டும். சாய்வு செங்குத்தாகிவிட்டால் சக்கரம் ஏறாது, கட்டையைத் தள்ளிக்கொண்டே போகும். சாய்வு படுத்துவிட்டால் ஏறித் தாண்டி மறுபக்கம் தொப்பென்று விழும். விழுகிற அந்த அதிர்ச்சியில் மேலே மூங்கில் கட்டெல்லாம் நெகிழும், கலசம் ஆடும். முதலில் மெல்லிய சாய்வுள்ள கட்டை, வேகம் குறைந்ததும் அதைவிடச் சற்றுச் சாய்வு கூடிய கட்டை என்று மாற்றிப் போடுவது அதனால்தான்.

மரம் பெரும்பாலும் புளிய மரம். திருவாரூரில் ஒரு தேரோட்டத்துக்குப் புளியங்கட்டை நூற்றுக்கணக்கில் செய்து அடுக்குவார்கள். காரணம் கேட்டால் கறிக்கடையைக் காட்டுவோம். அங்கே வெட்டுகிற அடிக்கட்டையும் புளிய மரம்தான். அதன் இழை நேராக ஓடாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். கத்தி இறங்கும், ஆனால் பிளக்காது. தேக்கு நேரிழை, வேலைப்பாட்டுக்கு நல்லது, கட்டைக்கு ஆகாது. 75 டன் ஏறினால் இழையோடு விரிந்து பாளமாகத் தெறிக்கும். புளியங்கட்டை நசுங்கும், நார் நாராகப் பிய்யும், ஆனால் ஒன்றாகவே கிடக்கும். நசுங்குவதுதான் அதற்கு வேலை. ஒரு கட்டை சில தடவைதான் தாங்கும், முகம் குழிந்த கட்டையைத் திரும்பப் போடக்கூடாது. அதில் சக்கரம் ஏறாமல் குழியில் உட்கார்ந்துவிடும், எடுக்க வராது.

கட்டை எடுக்க வராமல் போவதும் ஒரு விபத்துதான். தேரின் எடை முழுக்க அதன் மேல் இருக்கும்போது உருவ முடியாது. பின்னால் நெம்புதடி கொடுத்து, சன்னை என்றும் சொல்வார்கள், சக்கரத்தை ஒரு விரற்கடை முன்னோ பின்னோ அசைத்த நொடியில் எடுக்க வேண்டும். நெம்புகிறவரும் எடுக்கிறவரும் ஒரே குரலுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டு பேர் உத்தரவு கொடுத்தால் விரல் போகும். கையைச் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஒருபோதும் விடக்கூடாது, பக்கவாட்டில் நின்று கட்டையின் வால்பக்கத்தைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். கால் சக்கரத் தடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் கடிபட்ட கட்டை, இரண்டு விரலால் அழுத்திய புளியங்கொட்டை மாதிரிப் பக்கத்தில் தெறிக்கும். முழங்காலில் பட்டால் எலும்பு மிஞ்சாது. வேடிக்கை பார்க்கிறவர்களைச் சக்கரத்துக்கு நேர் பக்கத்தில் நிற்கவிடாமல் கயிறு கட்டுவது இதற்காகத்தான், சாமி தரிசனத்தைத் தடுப்பதற்காக இல்லை.

இனி அந்தக் காணாமல் போன பாதி. கட்டையை எப்படி எங்கே போடுகிறோம் என்பதில் தேரின் போக்கு இருக்கிறது. முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நேராகப் போட்டால் தேர் நிற்கும். வலச்சக்கரத்துக்கு மட்டும் நேராகப் போட்டு இழுத்தால், இடச்சக்கரம் முன்னேற, வலச்சக்கரம் தயங்க, தேர் வலப்பக்கம் முகம் திருப்பும். கட்டையைச் சக்கரத்துக்குக் கோணலாக வைத்தால் சக்கரம் பாதி ஏறிச் சரிவு காட்டும் பக்கமாக வழுக்கி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்திலும் தேர் இரண்டு விரல், மூன்று விரல் பக்கவாட்டில் நகரும். வீதி நேராகத்தான் போகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். தண்ணீர் வடிய நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த சாலையில் தேர் எப்போதும் தாழ்ந்த பக்கம் இழுக்கும். ஓட்டுச் சார்ப்பில் இடிக்காமல், மின்கம்பத்தில் உரசாமல் அது நடுவிலேயே போகிறது என்றால், நீங்கள் கவனிக்காமல் நூறு கட்டை விழுந்து எழுந்திருக்கிறது என்று பொருள்.

மூலை திரும்புவதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தால் பயனில்லை. கோயில் கிழக்குப் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். தேர் கீழவீதியில் தெற்கே போய், தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று வலம் வந்து மறுபடி கீழவீதியில் நிலைக்கு வரும். நான்கு திருப்பமும் வலக்கைத் திருப்பம். வலப்பக்கத்துக் கட்டைகள்தான் முதலில் நைந்துபோகும். முதல் மூலையில் தேரை உடனே திருப்பக்கூடாது. முன்சக்கரம் தெற்குவீதியின் நடுவைத் தாண்டும்வரை நேராக விட வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் குறுக்கே வெட்டி மூலை வீட்டுத் திண்ணையில் ஏறும். அங்கே நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டு நிறுத்திவிட்டு, வடத்தைத் தூக்கிப்போய்த் தெற்குவீதியில் போடுவார்கள். வடம் இப்போது மூலையில் வளைந்து கிடக்கிறது. வளைவின் உட்பக்கத்தில் ஒரு குழந்தை கூட நிற்கக்கூடாது. இழுத்த மாத்திரத்தில் வடம் விறைத்து நேராகி உட்பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும். பின்சக்கரங்கள் பக்கவாட்டில் சறுக்கியாக வேண்டும் என்பதால் அவற்றின் அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு. தகட்டின் மேல் ஏற்ற ஜாக்கி, முன்காலத்தில் வெறும் நெம்புதடி. வலது முன்சக்கரத்தின் முன்னால் கட்டை நேராக உட்காரும். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் நெம்புகிறவர்கள் தயாராக இருப்பார்கள். மேலே நிற்பவர் துண்டை ஆட்டினால் ஒரு இழுப்பு. தேர் ஒரு சாண் முகம் திருப்பும், நிற்கும். கட்டையை எடு, கோணம் மாற்று, போடு. மறுபடி துண்டு, மறுபடி ஒரு சாண். பெரிய தேரில் ஒரு மூலைக்கு ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு. 'ஆரூரா, தியாகேசா' என்ற சத்தம் உச்சத்துக்குப் போவது அந்த ஒவ்வொரு சாணுக்கும்தான்.

இப்போது ஒரு கேள்வி. இத்தனை வேலை செய்கிற சாமானுக்கு வெறும் 'தடை' என்ற பொருள் எப்படி ஒட்டியது? எங்களுக்குத் தோன்றும் காரணம், சொல்லுக்குப் பொருள் வைத்தவர்கள் வடத்தின் மறுமுனையில் இருந்தார்கள் என்பதுதான். ஆழித்தேரின் வடம் 400 அடிக்கு மேல். அந்தக் கோடியில் இழுக்கிறவருக்குச் சக்கரம் தெரியாது, கட்டை தெரியாது, மூலை வீட்டுத் திண்ணை தெரியாது. நன்றாக இழுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வடம் இறுகி நிற்கிறது. 'கட்டை போட்டுட்டானுங்கடா' என்று சலித்துக்கொள்கிறார். அந்தச் சலிப்புதான் அகராதிக்குப் போயிருக்கிறது. இழுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கானோர், கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு இருவர் என்று வைத்தாலும் எட்டுப் பேர். பெரும்பான்மை எப்போதும் ஜெயிக்கும்.

பக்கத்திலேயே இருக்கிற அச்சாணிக்கு இந்தக் கதி வரவில்லை. 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' என்று வள்ளுவர் 667ஆம் குறளில் வைத்துவிட்டதால் அதற்கு யோகம். இன்றைக்கும் யாரையாவது உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் 'கட்சியின் அச்சாணி' என்கிறீர்கள். அச்சாணி கழன்றால்தான் அதன் அருமை தெரியும் என்பார்கள், முட்டுக்கட்டையும் அப்படித்தான். 'தேரை இழுத்துத் தெருவில் விட்டாற்போல' என்ற வசனம் வேறு இருக்கிறது. நடுத்தெருவில் தேர் நின்றுபோவது கட்டை போட்டதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சரியான இடத்தில் கட்டை போடாததால் தேர் ஓரத்துச் சாக்கடைப் பக்கம் சரிந்து, சக்கரம் பதிந்து, மேற்கொண்டு நகர முடியாமல் போவதுதான் வழக்கமான காரணம். திருவாரூர்க்காரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும், மனுநீதிச் சோழன் மகனின் தேருக்குப் பக்கத்தில் கட்டைக்காரர் ஒருவர் ஓடியிருந்தால் கன்றும் பிழைத்திருக்கும், இளவரசனும் தப்பியிருப்பான், ஆனால் நமக்கு அந்தக் கதை கிடைத்திருக்காது.

எங்கள் பக்கம் சாட்சி சொல்ல ஒரு பிரேக் இருக்கிறது. 1948க்குப் பிறகு நிலையிலேயே நின்ற ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியது. அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. முட்டுக்கட்டை என்பது நிறுத்துவதற்கு மட்டும்தான் என்றால், பிரேக் வந்த வருஷமே புளியங்கட்டையை அடுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இன்றைக்கும் தேரோட்டத்தன்று சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை மலைபோல் கிடக்கிறது. நிறுத்துகிற வேலையைப் பிரேக் வாங்கிக்கொண்டது, திருப்புகிற வேலையை வாங்கிக்கொள்ள இன்னும் எந்த இயந்திரமும் வரவில்லை. தாராசுரத்தில் மண்டபத்தையே தேராகச் செய்து கல்லில் சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்கள். கட்டையே தேவைப்படாத தேர் அது.

சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், தேர் செய்தி எழுதுகிற தங்கள் நிருபர்களுக்கு உதவும். தஞ்சைப் பெரிய கோயில் தேர் ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து 2015இல் புதிதாகச் செய்து நான்கு ராஜ வீதிகளில் ஓடத் தொடங்கியது. மன்னார்குடி, கும்பகோணம் தேரோட்டமெல்லாம் பங்குனி, சித்திரை வெயிலில்தான். பகல் பன்னிரண்டு மணிக்குத் தார் இளகியிருக்கும். அரை மணி நேரம் ஒரே இடத்தில் தேர் நின்றால் சக்கரம் தாரில் தனக்கு ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ளும். அங்கிருந்து கிளப்பும் இழுப்பு மற்ற இழுப்பைவிடக் கடுமை, வடம் அறுவது அப்போதுதான் நடக்கும். குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய இடம் மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் நம் களிமண் இன்னும் அமர்ந்திருக்காது. சாக்கடை மூடிகளின் மேல் தடித்த இரும்புத் தகடு போடாவிட்டால் சக்கரம் உள்ளே போகும். கான்கிரீட் சாலையில் வேறு தொல்லை. சிந்திய எண்ணெய், உடைத்த தேங்காயின் தண்ணீர், மிதிபட்ட பூ எல்லாம் சேர்ந்து வழுக்கும். கட்டை பிடிக்காது, சக்கரத்துக்கு முன்னால் வழுக்கிக்கொண்டே ஓடும். மணல் போடலாமே என்பார்கள். வழவழப்பான தரையில் மணல் உருண்டை உருண்டையாகக் கட்டைக்கு அடியில் ஓடி இன்னும் மோசமாக்கும். கோணிச்சாக்கை நனைத்து மடித்துப் போட்டு அதன்மேல் கட்டையை வைத்தால் பிடிக்கும்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடுவதால் வீதி வருஷத்துக்கு வருஷம் உயர்கிறது, கம்பி அதே உயரத்தில் நிற்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாவின் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்துபோனார்கள். எவ்வளவு சிறிய தேரானாலும் கம்பிக்கு முன்னால் நிறுத்தி, மின்சாரம் துண்டித்ததை நேரில் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த இழுப்புக்குத் துண்டு அசைய வேண்டும். அங்கே விழுகிற கட்டைக்கு எந்த அகராதிப்படி 'இடையூறு' என்று பொருள் எழுதுவீர்கள்?

எங்கள் வேண்டுகோள் சின்னதுதான். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஊர் எடுத்துக்கொண்ட சொல்லை யாரும் திருப்பி வாங்க முடியாது. வெறுமனே வேலையைக் கெடுக்கிறவர்களுக்குத் தடை, இடையூறு, இடைஞ்சல், குறுக்கீடு என்று தாராளமாகச் சொற்கள் இருக்கின்றன, தலைப்பிலும் குறைவான இடம் பிடிக்கும். வேகமாகப் போகிற ஒரு திட்டத்தை நீதிமன்றமோ கிராமசபையோ கொஞ்சம் நிறுத்தி வேறு வழிக்குத் திருப்பினால், அங்கே போடுங்கள் முட்டுக்கட்டை என்று. அது பொருத்தமான இடம். டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. கல்லணை ஆற்றை மறித்துத்தான் நிற்கிறது. காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, புது ஆற்றுக்கு இவ்வளவு, மிச்சம் கொள்ளிடத்துக்கு என்று பலகையை ஏற்றி இறக்கிப் பிரித்துக் கொடுக்கிறது. மதகுப் பலகையைத் தண்ணீருக்கு இடைஞ்சல் என்று நம் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொன்று. தேரோட்டப் படம் என்றால் கலசத்திலிருந்து வடம் வரை முழுத்தேரும் வருகிற மாதிரி மாடியிலிருந்து எடுத்துப் போடுகிறீர்கள், சந்தோஷம். இந்தத் தடவை புகைப்படக்காரர் யாராவது மூலையில் சக்கர மட்டத்துக்குக் குனிந்து ஒரு படம் எடுக்கட்டும். தூரத்திலிருந்து, சக்கரத்துக்கு நேர் பக்கத்தில் நிற்காமல்.

தேரோட்டம் இல்லாத நாளிலும் பார்க்கலாம். எந்த ஊர்த் தேரடிக்குப் போனாலும் நிலையில் நிற்கிற தேரின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டை செருகியிருக்கும். தகரக் கொட்டகை, கண்ணாடிக் கூண்டு எது போட்டு மூடியிருந்தாலும் அதை மட்டும் எடுப்பதில்லை. அடுத்த வருஷம் வடம் பூட்டி, தேங்காய் உடைத்து, எல்லோரும் தயாரான பிறகு முதலில் உருவுவது அந்த முன்கட்டையைத்தான்.

இப்படிக்கு,
தேர் வேலை தெரிந்தவர்கள் சிலர்,
திருவாரூர் வட்டாரம்.